குட்டியானை நின்ற இடம்

கல்மண்டபத்துக்கு வடக்கே
உப்புக்கிடங்குத் தெரு.
அகலம் பதினாறடி என்று மாநகராட்சி அளந்தது.
எங்கள் கணக்கு வேறு:
ஒரு குட்டியானை, ஒரு ஆட்டோ,
நடுவில் மீன்கூடையோடு ஒருத்தி
ஒருக்களித்துப் போகலாம்.

பலகை நட வந்தவர்கள்
ஆடிக்கூழ்ப் பந்தலுக்கு வருஷாவருஷம்
நாங்கள் கால் ஊன்றும் குழியையே பிடித்தார்கள்.
ஏற்கெனவே இளகின மண்ணு, சொகமா எறங்குது
என்றான் கடப்பாரைக்காரன்.
பலகையின் முகத்தில் சாக்கு கட்டியிருந்தது.
உங்க கருத்தக் கேட்டுட்டுத்தான் அவுப்போம்
என்றார் கூட வந்தவர்.

அன்றிரவே சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டான்
பவுனம்மாவின் மகன்.
காலை ஆறு முதல் இரவு பத்து வரை
எவ்வகை வாகனமும் நிறுத்தக் கூடாது.
என் இட்லி வண்டிக்கு எஞ்சினே இல்லியே,
அதுவும் இந்த எவ்வகையில சேர்த்தியா?
என்று கேட்டாள் பவுனம்மா.
மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்
இன்னும் மேலேதான் இருக்கிறார்.

மனு எழுதியது வக்கீல் குமாஸ்தா துளசிங்கம்.
'மேற்படி தெருவாசிகளாகிய நாங்கள்' என்று
அவர் வாசித்தபோது
எங்கள் மேல் எங்களுக்கே ஒரு மரியாதை வந்தது.
அறுபத்தொரு கையெழுத்து.
கைநாட்டு நான்கில் ஒன்றில்
வஞ்சிர மீனின் செதில் ஒட்டியிருந்தது.
வீடுவீடாக ஏறி இறங்கியவன் நான்.
இருபத்தேழாம் நம்பர் கதவை மட்டும்
தட்டவில்லை.

வார்டு ஆபீஸில் எல்லோரும்
ஒரே நேரத்தில் பேசினோம்.
தவணை பாக்கி, பேட்டரி திருட்டு,
காசிமேட்டு ஏலம்.
மூணு மணிக்கு லோடு ஏத்தணும் சார்,
வண்டிய இடுப்புல சொருகிக்கினா தூங்குறது?
இது நான்.
அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.
கடைசி வரிசையில் மகிமைதாஸ் எழுந்தார்,
இருபத்தேழாம் நம்பர்.
என்கிட்ட வண்டி இல்ல என்றார்.
உட்கார்ந்துவிட்டார்.
அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

போன ஐப்பசி. விடாத மழை.
இரவு ஒன்றரைக்குத்
தெருமுனையில் நீலவிளக்கு சுழன்றது.
உள்ளே வர வழியில்லை,
குறுக்கே என் வண்டி.
சாவி என் தலையணைக்கடியில்.
தார்பாயில் மழை அடித்த அடியில்
ஹாரன் கேட்கவில்லை என்று
இன்றுவரை சொல்லிவருகிறேன்.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
நால்வர் தூக்கிப் போனார்களாம்
அவர் மனைவி ஜெபமணியை.
என் வண்டியோரம் நெருக்கித் திரும்பும்போது
நாற்காலிக் கால் கதவில் உரசியிருக்கிறது.
ஒரு சாண் நீளம்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி
எங்கள் தெருவிலிருந்து எட்டு நிமிஷம்.

பெயிண்டர் பாஷா அந்தக் கீறலைப் பார்த்து
இருநூறு குடு, இருந்த எடம் தெரியாமப் பண்றேன் என்றான்.
வேண்டாம் என்றேன்.
கஞ்சன் என்று நினைத்திருப்பான்.

பதில் வந்தது.
'ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டு
ஏற்க இயலாதவை எனக் கண்டு...'
துளசிங்கம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி வாசித்தார்.
யாருப்பா வந்து கண்டது என்றாள் பவுனம்மா.
ஒரு செவ்வாய்க்கிழமை சாக்கை அவிழ்த்தார்கள்.
அவிழ்த்த சாக்கை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்,
கரி கொட்டிவைக்க.

இப்போது என் வண்டி
கூட்ஸ் ஷெட் மதிலோரம் நிற்கிறது,
மாசம் ஆயிரத்து இருநூறு.
இரண்டரை மணிக்கு எழுந்து
நாய்களுக்குப் பேர் சொல்லிக்கொண்டே நடக்கிறேன்.
திட்டவேண்டியவர்களையெல்லாம் திட்டுகிறேன்.
இருபத்தேழாம் நம்பர் வந்ததும்
வாய் தானாக மூடிக்கொள்கிறது.

சாயங்காலம் திரும்பும்போது
வண்டி நின்ற அதே இடத்தில்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் மகிமைதாஸ்.
நாற்காலி வாகனமில்லை,
அபராதம் கிடையாது.
சிவப்புதான்.
அதே நாற்காலியா என்று
குனிந்து கால்களைப் பார்க்கும் துணிச்சல்
எனக்கு இல்லை.

பதினாறடித் தெரு முழுக்கக் காலியாகக் கிடக்கிறது.
இருந்தும் நான் கடக்கும்போது
நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்து
வழி விடுகிறார்.