பக்கத்துக்கு நானூறு பாட்

சேங் வத்தனா சாலையில் என் கடை
ஒரு நகல் எந்திரத்தின் அகலம்தான்.
உள்ளே இரண்டு நாற்காலி.
கல்யாணம் கட்டப்போகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும்.
மின்விசிறி யார் பக்கம் திரும்புகிறதோ
அவர் முதலில் பேசுவார்.

"மேற்படி நபருக்குத் திருமணத் தடை ஏதுமில்லை."
இந்த வரியை இந்த வருஷம் மட்டும்
முந்நூறு தடவை தட்டியிருப்பேன்.
தடை ஏதுமில்லை தடை ஏதுமில்லை
விரல்களுக்கு அது ஒரே சொல்லாகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை ஐவார் திரும்பவும் வந்தார்.
எஸ்தோனியாக்காரர், துறைமுகத்தில் மின்பணி பார்த்து ஓய்ந்தவர்,
கழுத்தெல்லாம் வெயில் உரித்த தோல்.
கூட லம்யோங். நொந்தபுரியில் சலவைக்கடை.
கையில் நீல அட்டை போட்ட வீட்டுப் பதிவேடு,
ஈரம் படாமல் இரட்டைப் பையில்.

வெளியுறவுத் துறை கவுன்ட்டரில்
திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.
தாளில் ஒரு சிவப்பு வட்டம்.
பெயர் பொருந்தவில்லை.

மணமகன் பெயரல்ல, மணமகள் பெயருமல்ல.
மனைவியை இழந்தவர் என்றால்
இழந்ததற்குத் தாள் வேண்டும்,
தாளுக்கு மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்புக்கு முத்திரை.
அந்தத் தாளில் இருந்தவளின் பெயர்.

ஓரிடத்தில் ஓய் என்று எழுதியிருந்தேன்,
இன்னோரிடத்தில் ஓயே.
இரண்டும் என் கைதான்.
முதலெழுத்தின் தலையிலிருந்த சிறு அலைக்கோட்டை
அச்சுப் பிசிறு என்று நினைத்துவிட்டேன்.
எங்கள் எழுத்தில் ஓய்க்கு மேல் ஒரு கொக்கி போட்டால்
கரும்பு.
செத்துப்போன ஒருத்தியைக் கரும்பாக்க
ஒரு கொக்கிதான் பாக்கி.

சரியாகச் சொல்லுங்கள் என்றேன் ஐவாரிடம்.
வாயைத் திறந்தார், மூடினார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதில் அழுக்கே இல்லை.

லம்யோங்தான் சொன்னாள்.
உகரமில்லை, ஒகரமுமில்லை,
உதட்டைக் குவிக்காமல் தொண்டையில் பிடித்து நிறுத்தியது,
கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.
நாங்கள் இங்கே நெருங்கியவர்களிடம்
'ஆமா' என்று முனகும்போது வருகிற அதே ஒலி!
எழுத்து எங்களிடமே இருந்திருக்கிறது.
ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போனதில்
நான்தான் தொலைத்திருக்கிறேன்.

உனக்கு எப்படித் தெரியும்?

"ஞாயித்துக்கிழமையானா இவர் அம்மா போன்ல வருவாங்க.
தொண்ணூத்தோரு வயசு. முகம் பாத்துதான் பேசுவாங்க,
ஆனா அந்தப் பேரச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாங்க.
மொத ரெண்டு தடவ இவர் திருத்தினாரு.
அன்னிக்குத்தான் செத்த மாதிரி அழுதாங்க, ரெண்டு தடவையும்.
வேணாம்னுட்டேன்.
கூப்பிட்டா 'ம்'ங்கறேன்.
எனக்கென்ன குறைஞ்சுபோச்சு?"

மின்விசிறி திரும்பித் தாளைத் தூக்கப் பார்த்தது.
அவள் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.
தட்டினேன். காசு வேண்டாம் என்றேன், என் பிழை.
எண்ணூறு பாட்டையும் எண்ணி வைத்துவிட்டு
ரசீது கேட்டாள்.

அடுத்த வாரம் பாக் கிரெட் மாவட்ட அலுவலகம்.
இரண்டாம் சாட்சிக்கு ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள்.
சொத்து விவரம் பதியணுமா?
ஒரு படகு எஞ்சின், நாலு சலவை எந்திரம்,
அதில் ஒன்று ஓடாது.
குடும்பப் பெயர் மாற்றமா?
இல்லை.

அதிகாரி தாள்களைப் புரட்டிப் பெயர்களை வாய்விட்டுச் சரிபார்த்தாள்.
ஐவார் பெயருக்கு ஐவார் தலையாட்டினார்.
பிறகு அந்த இறப்புச் சான்றிதழ்.
நான் எழுதியபடியே, பிசகாமல் படித்தாள்.

"ம்" என்றாள் லம்யோங்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள்.
ஐவார் ஜன்னலைப் பார்த்தார்.
சாட்சி எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டேன்.
கீழே, இடது ஓரம்,
பென்சில் புள்ளி வைத்த இடத்தில்.