சாய்வு

ஞாயிறன்று பனியில் வழுக்கினாளாம் இங்கெபோர்க்.
"வெறும் சுளுக்குதான்" என்று
என் தொட்டி விளிம்பில் கழுத்தை வைத்தாள்.
"இன்னும் கொஞ்சம் சாயுங்கள்" என்றேன்,
நாளுக்கு இருபது தலைக்குச் சொல்கிற அதே வாய்.

வியாழன் காலை. பெர்கனில் மழை, வேறென்ன.
இடது இமை பாதியில் நின்றுவிட்டது.
காப்பி வலக்கையில் கொட்டி
கை சிவந்ததைப் பார்த்தாள்;
சுடவே இல்லையாம்.

கழுத்துத் தமனியின் உள்சுவரில் நூலளவு கிழிசல்,
அங்கே உறைந்த ரத்தம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.
பனியா, தொட்டியா?
ஸ்கேன் அதைச் சொல்லாது.

மே மாதம் திரும்ப வந்தாள், கைத்தடியோடு.
நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.
முன்னால் குனிந்தாள்.
"சூடு சரியா?"
"வலது நெற்றியைக் கேள்" என்றாள்,
"இடது எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும்."