நான் தாண்டிப்போகும் வரி

புந்தா அரேனாசில் காற்று
மேற்கிலிருந்து வருவதாகச் சொல்வார்கள்.
இல்லை, அது கதவடியிலிருந்து வருகிறது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
காலை ஆறு முதல் இரண்டு வரை
எர்மிந்தா பார்ரியா என்று பெயர் குத்திய மேலங்கியில் நான்.
மூன்று இயந்திரங்கள்.
மூன்றாவது, உதைத்தால்தான் சுற்றும்.
ஆண்டவரே, உம்மிடம் நான் பேசுவது
பெரும்பாலும் அந்த உதைக்கும்
அது சுற்றத் தொடங்குவதற்கும் நடுவில்.

சபையில் சகோதரி திரினிதாத் ஜெபித்தால்
ஜன்னல் கண்ணாடி அதிரும்.
எனக்கு அப்படி வராது.
இந்த விரிப்பில் புரண்டவருக்கு இன்றாவது தூக்கம் கொடும்,
இந்தச் சின்னத் தலையணையுறை யாருடையதோ
அந்தப் பிள்ளைக்கு...
அவ்வளவுதான். அதற்குள்
சோப்புத்தூள் அளக்க வேண்டும்.

இயேசு சொல்லித்தந்த ஜெபமும் தினம் உண்டு.
முழுதாக இல்லை.
அப்பத்தைக் கேட்டுவிட்டு
நேரே சோதனைக்குத் தாவிவிடுவேன்.
நடுவில் ஒரு வரி,
அதில் கடன் என்றொரு சொல்.

தம்பி நொல்பெர்த்தோ
படகு எஞ்சினுக்கென்று வாங்கினான்,
என் கணவர் செத்ததற்குக் கிடைத்த பணத்தை.
எவ்வளவென்று உமக்குத் தெரியும்.
தெருவுக்கும் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.
படகு இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது.
பணம் மட்டும் நான்கு வருடமாக
அடுத்த நண்டுப் பருவத்தில் இருக்கிறது.

நான்கு வருடமாக ஒரு வரி குறைந்த ஜெபம்.
நீர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

புதிதாய்ச் சேர்ந்த யெசேனியா
இரத்தம் தோய்ந்த விரிப்பைச் சுடுநீரில் போட்டாள்.
கத்தினேன்.
சுடுநீர் பட்டால் இரத்தம் நூலைப் பிடித்துக்கொள்ளும்,
பிறகு எதைப் போட்டாலும் விடாது,
குளிர்ந்த நீரில் ஊறப்போடு, பெண்ணே,
குளிர்ந்த நீரில்!
அதன்பின் மதியம் வரை நான் வாய் திறக்கவில்லை.
என்மேல் கோபமா என்றாள்.
உன்மேல் இல்லை.

வியாழக்கிழமை
தெருமுனைகளில் நகராட்சி கயிறு கட்டியது.
அப்படி ஒரு காற்று.
ரொட்டிப் பையைப் பல்லில் கவ்வி
இரு கையாலும் கயிற்றைப் பற்றி
பக்கவாட்டில் நகர்ந்தேன், நண்டைப்போல.
எதிரே தொப்பியில்லாமல் ஒருவன்.
தலைமுடி மொத்தமும் ஒரே பக்கம் பறக்க
காதோரம் நரை.
இவனுக்கு எப்போது நரைத்தது?

ஒரே கயிறு.
கடக்க வேண்டுமானால் ஒருவர் கைவிட வேண்டும்.
நொல்பெர்த்தோ ஏதோ சொன்னான்.
காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு
நீரிணைப் பக்கம் போய்விட்டது.
மன்னிப்போ, நண்டுப் பருவமோ,
என் காதுக்கு வந்து சேரவில்லை.

நான் கைவிடவில்லை, கர்த்தரே.
உம்மிடம் பொய் சொல்லி என்ன.
அவனும் விடவில்லை.
அவனைச் சுற்றி ஒரு கையை நீட்டி
அவன் முதுகுக்கு அப்பால் கயிற்றைப் பிடித்தேன்.
அவனும் அப்படியே.
டீசலும் ஈரக் கம்பளியும் மணத்தன.
ஒரு நொடி, தூரத்திலிருந்து பார்த்தால்
தழுவல் என்றே தோன்றியிருக்கும்.
தெருவில் யாருமில்லை.
நீர் பார்த்திருப்பீர்.

அன்றிரவு கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருக்க
அப்பத்தைக் கேட்டேன்.
பிறகு அந்த வரி வந்தது.
தாண்டவில்லை.
சொல்லி முடிக்கவும் இல்லை.
வாசலில் நின்றிருந்தேன்,
கெண்டி கொதித்து, அணைத்து,
அது ஆறும் வரைக்கும்.
முதல் இரண்டு சொல் வந்தன.
மீதி ஊறட்டும்.

காலையில் மூன்றாவது இயந்திரம்
இரண்டு உதை கேட்டது.
பழுதுபார்க்க ஆள் வரும் என்கிறார்கள்.
வந்தால் நல்லது.
வராவிட்டாலும், ஆண்டவரே,
எனக்கு அவசரமில்லை.