நான்காம் எண் வீட்டுக்கு வாசல்

களக்காட்டுக்கு மேற்கே, வாழைத் தோட்டங்கள் முடிந்து
மலை தொடங்கத் தயங்குகிற இடத்தில்
ஒரு கல்வீட்டை ஆறாகப் பிரிக்கிறோம்.
ஆறு சமையலறை, ஆறு கழிப்பறை,
ஆறு மீட்டர் பெட்டி.
வரைபடத்தில் எல்லாம் லேசு.
சுவர் இரண்டரை அடி கனம்.
டிரில் பிட் இதுவரை பதினொன்று போச்சு.

மேஸ்திரி முப்பிடாதி சுவரைத் திட்டிக்கொண்டேதான் உடைப்பார்:
"கடுக்காத் தண்ணியில கருப்பட்டியக் கரைச்சு
அவன் கட்டிட்டுப் போயிட்டான்,
சுகர் நமக்குல்லா ஏறுது."

தாணுமூர்த்தி சார் மாதம் ஒருமுறை
நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவார்.
கல்லைத் தடவுவார், கல்லைப் படமெடுப்பார்.
சனி ஞாயிறு தங்க வருகிறவர்களுக்கு
பழசு கையில் தட்டுப்பட வேண்டும்,
வைஃபையும் எடுக்க வேண்டும்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பது என் சம்பளம்.

பின்சுவரைச் சுரண்டும்போது
அடைத்துப் பூசிய ஓட்டை ஒன்று திறந்தது.
உள்ளே இடுப்பு உயரம்,
வெளியே முழங்கால் உயரம்.
இடையில் ஒரே கல்லில் குடைந்த சரிவு,
எண்ணெய் தேய்த்த முதுகு மாதிரி வழுவழுப்பு.
டேப்பை விட்டேன், ஒன்பது அங்குல அகலம்.
புகை போக என்றான் ஒருத்தன்.
கோழி போக என்றான் இன்னொருத்தன்.
"இதுல ஒரு லைட் வைப்போம்மா,
மஞ்சளா" என்றார் சார்.

நான் வெளியே சுற்றிப் போய்க் குனிந்தேன்.
குனியாமல் அதற்கு முன்னால் நிற்க முடியாது.
முந்தியை விரித்துப் பிடித்தால் அளவு சரியாக வரும்.
உள்ளே மரக்கால் சாயும்,
வெளியே நெல் விழும்,
யார் விரலும் யார்மேலும் படாது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
பிசான அறுப்புக்கு இந்தப் பக்கம்
வந்திருக்கியா என்று மட்டும் கேட்டேன்.
கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தம்.
"அந்த ஓட்டைக்குள்ள கைய விட்டுராத, தேள் கெடக்கும்."
ஓட்டையைப் பற்றி நான் அதுவரை சொல்லவே இல்லை.
பிறகு அங்கே மழையா என்று கேட்டாள்.

நான்காம் எண் வீட்டுக்கு வாசல் முடிவாகாமல் கிடந்தது.
தெற்கே வைத்தால்
அடுத்தவர் முற்றத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்.
பின்சுவரைத் திறக்கலாம் என்று வரைந்து அனுப்பினேன்.
காரணம்: காற்று, வெளிச்சம், தீயணைப்பு விதி.
மூன்றும் உண்மை.
"அந்த ஓட்டை?" என்றார் சார்.
"வாசலுக்குள்ள போயிரும் சார்."

முட்டுக் கொடுத்து, மேலே இரும்பு உத்திரம் நுழைத்து,
நாலு நாள், கல் கல்லாகப் பெயர்த்தோம்.
"ஏழடி எதுக்குத் தாயி,
ஆறேகால் போதுமே" என்றார் முப்பிடாதி.
இருக்கட்டும் அண்ணாச்சி என்றேன்.
மட்டம் பார்க்கிற சாக்கில்
மூன்று தடவை உள்ளே போய் வந்தேன்.
தச்சருக்கு நிலை அளவு சொன்னேன்.

சரிவுக் கல் உடையாமல் வந்தது.
தூக்க நாலு பேர்.
எங்கே போட என்று இன்னும் முடிவு செய்யவில்லை.
கலவை மிஷின் பக்கத்தில் கிடக்கிறது.
காலையிலிருந்து சாரல்.
அதில் ஒரு சொட்டும் நிற்கவில்லை.