தரை ஆடும் மூன்று நாள்

கப்பலை விட்டு இறங்கிய பிறகு
மூன்று நாளைக்குத் தரை ஆடும்.
பல் துலக்கும்போது கண்ணாடி சாயும்.
உப்புக்காற்று எட்டாத வின்னிபெக்கில், ஏழாம் மாடியில்,
குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு
தனியாகச் சிரித்தபடி நிற்பேன்.

ஆட்டம் நிற்பதற்குள்
அடுத்ததற்கு முன்பணம் கட்டிவிட வேண்டும்.
ஆடும்போது கட்டினால் மருந்து.
நின்ற பிறகு கட்டினால் செலவு.

செங்கோட்டுவேல் சொல்வார்:
கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று
உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு.
நான் சொல்வேன்:
கொக்குக்குப் பால்கனி அறை கிடைக்கவில்லை, பாவம்.

அவருக்குக் கப்பல் ஆகாது.
அலாஸ்கா போனபோது
இஞ்சி மிட்டாயும் ஒரு வாளியுமாக
ஏழு நாளும் படுத்தே கிடந்தார்.
பனிமலை உடைந்து விழுந்ததைப்
போர்வைக்குள்ளிருந்து காதால் பார்த்தார்.
இப்போதெல்லாம் நான் மட்டும் போகிறேன்.
அவர் ரசம் வைத்துக் குடித்துவிட்டு
போனில் என் கப்பலின் நீலப் புள்ளியைப்
பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"ஒரே இடத்தில் வட்டமடிக்கிறதே, ஏன்?"
ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை செய்தி வந்தது.

நான் ஓட்டுவது அறுபது அடிப் பேருந்து,
நடுவில் மடியும் ரகம்.
மைனஸ் முப்பத்து நான்கில்
போர்ட்டேஜ் சாலைத் திருப்பத்தில்
பின்பாதி லேசாக வழுக்கும்.
இடப்பக்கம் என்று நினைக்க மாட்டேன்.
போர்ட், போர்ட் என்று முணுமுணுத்துத் திருப்புவேன்.

கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிட ஓய்வு.
தளப் படத்தை விரிப்பேன்.
நீச்சல்குளத்துக்குக் கீழே வேண்டாம்,
விடியற்காலையில் நாற்காலி இழுப்பார்கள்.
லிப்ட் பக்கம் வேண்டவே வேண்டாம்.
9214 தேவலாம். பின்முனை.
கடந்து வந்த தண்ணீர் வெள்ளையாகத் தெரியும்.
விலை வேறு நாற்பது டாலர் இறங்கியிருக்கிறது!
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்,
கையுறையோடு, கோபமாக.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன்.
கப்பலில் நான் கடலை அதிகம் பார்ப்பதில்லை.
மூன்றாம் நாளே
அடுத்த பயணம் விற்கும் மேசை முன்
வரிசையில் நின்றுவிடுவேன்.
திரும்பி வந்தால் கட்டிலில்
துண்டால் மடித்த யானை உட்கார்ந்திருக்கும்.
அதற்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு
வருகிற வருஷத்துத் துறைமுகங்களை எழுதுவேன்.

பணிமனையில் என் லாக்கர் கதவில் ஒரு நாள்காட்டி.
பக்கத்துக் கதவில் மரிவிக்கினுடையது.
ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு நாளைச்
சிவப்பால் அடிப்போம்.
ஏழெட்டு மாதமாக
அவளும் என் கட்சி என்றே நினைத்திருந்தேன்.

"எந்தக் கப்பல்?" போன வாரம்தான் கேட்டேன்.
பெயர் சொன்னாள். என் கப்பல்!
"பால்கனியா?"
"சலவை அறை," என்றாள். "என் தம்பி.
ஒன்பது மாத ஒப்பந்தம்.
ஏப்ரல் ஒன்பது இறங்குகிறான்."

நான் ஏறுவது பதினொன்று.

என் யானைகளைப் பிரித்துப் போட்டு
வெளுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான் போலிருக்கிறது.

வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.
"இறங்கினால் அவனுக்கும் தரை ஆடுமா?"
மரிவிக் பேனாவை மூடினாள்.
"தூங்குவான்," என்றாள். "மூன்று நாள்."

அன்று இரவு சோற்றுத் தட்டின் முன்
கன்னத்தில் கை வைத்திருந்தேனாம்.
செங்கோட்டுவேல் தட்டிவிட்டார்.
"கையை எடு. கப்பல் கவிழ்ந்துவிடும்."
எடுத்தேன்.

எடுத்த கை சும்மா இருக்கவில்லை.
நார்வே. ஆகஸ்ட். பதினொரு இரவு.
பெயர், கடவுச்சீட்டு எண், உணவு விருப்பம்
எல்லாம் நிரப்பினேன்.
யானை வேண்டாம் என்று சொல்ல
ஒரு கட்டம் இருக்கிறதா என்று
மேலும் கீழும் தேடினேன்.
இல்லை.

முன்பணம் கட்டினேன்.
எழுந்து நின்று பார்த்தேன்.
தரை அசையவே இல்லை.