ஒரே ஒரு கோப்பு

மணி ஒன்றே முக்கால். காந்தி ரோட்டில்
ஆம்புலன்ஸ்கூட ஓய்ந்துவிட்டது.
விண்டோஸ் செத்து மூன்று நாள்.
லாட்ஜின் வரவு செலவு மறுபடி
நீள நோட்டில், என் கோழிக் கிறுக்கலில்.
"ஓசியில ஏதோ லினக்ஸாமே, போட்டுப் பாரு"
என்றுவிட்டு ஓனர்
சத்துவாச்சாரிக்குத் தூங்கப் போனார்.

வட்டு உள்ளே போகிறது. உறுமுகிறது.
பிறகு கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி:
இயங்குதளம் எதுவும் இல்லை.

எஃப் டூ, எஃப் ட்வெல்வ், டெலீட்,
எது திறக்குமோ என்று எல்லாவற்றையும் குத்தினேன்.
சிடியை முதலில் பார் என்று வரிசையை மாற்றினேன்.
வட்டைப் பனியனில் துடைத்தேன். ஊதினேன்.
இல்லை என்கிறது.
இல்லாததை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது.

207-காரர் படியிறங்கி வந்தார். பிமலேந்து, மால்டா.
பதினெட்டு நாளாகத் தங்கல்.
வெந்நீர் கேட்க வந்தவர்
குடுவையை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.
எனக்கு வங்காளம் "கொதோ", "ஜோல்" தாண்டாது.
அவருக்குத் தமிழ்
"சாப்பாடு", "ரிப்போர்ட்", "நாளைக்கு வாங்க".

மேலே போய் மடிக்கணினி கொண்டுவந்தார்.
என் வட்டை அதில் போட்டார்.
ஒற்றை விரலைக் காட்டினார்:
உள்ளே ஒரே ஒரு கோப்பு.
கட்டுப் பிரிக்காத பார்சலை
அப்படியே தட்டில் வைத்துவிட்டு
சோறு எங்கே, சோறு எங்கே என்று
இவ்வளவு நேரமும் தடவியிருக்கிறேன்.

அவர் பையிலும் ஒரு வட்டு இருந்தது.
ஆஸ்பத்திரி உறை. ஷெஃபாலி, 46, பெண்.
ஊரில் எவர் கம்ப்யூட்டரிலும் அது திறக்கவில்லையாம்.
திறக்கவைக்கத்தான் இதெல்லாம் படித்தாராம்.
கையசைவில் சொன்னார்;
நான் புரிந்துகொண்டது அப்படி.

புது வட்டு. இருப்பதிலேயே மெதுவான வேகம்.
இருபது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.
வெந்நீர் ஆறிப்போக, மறுபடி வைத்தேன்.

வந்தது.
என்ன மொழி என்று கேட்டது.
அவர் விரல் ஒரு வரியில் போய் நின்றது:
நம் மொட்டைமாடிக் கொடியில் அவர்கள் துணி காய்வதுபோல
மேல்கோட்டைப் பிடித்துத் தொங்கும் எழுத்துகள்.
நான் அம்புக்குறியை இறக்கி, இறக்கி,
வெகு கீழே, தமிழ்.
சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை;
பதினெட்டு நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

மாடியில் இருமல் கேட்டது.
குடுவையை எடுத்துக்கொண்டு
இரண்டிரண்டு படியாக ஏறினார்.

எண்டரைத் தட்டினேன். கோடு நகர்கிறது, நாலு சதவீதம்.
வெந்நீர் இரண்டு, 207 என்று
பழக்கத்தில் நோட்டில் எழுதி,
அடித்தேன்.