ஞாயிறும் புதனும்

க்தான்ஸ்க், ஜனவரி. பால்டிக் காற்று.
டிராம் ஓட்டும் போகுமிவா
ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.
பின்னால் யாரோ முணுமுணுக்கிறார்,
"பைத்தியமா இவளுக்கு?"
கழுத்தடியில் அடுப்பு பற்றிக்கொண்டது
அவருக்கு எப்படித் தெரியும்.

ஒன்றரை ஆண்டாக ஈரத் தலையணை.
மூன்று மணிக்கு விழிப்பு.
இருபது வருடம் சொன்ன நிறுத்தத்தின் பெயர்
ஒருநாள் நாக்கு நுனியில் நின்றுவிட்டது.

மருத்துவர் காகிதத்தில் புள்ளிகள் வைத்தார்.
"இவ்வளவும் பெண்கள்" என்றார்.
எலும்பு முறியாமல் தப்புகிறவர்களுக்குப் பச்சை.
மார்பில் கட்டி வருகிறவர்களுக்குச் சிவப்பு,
அது கொஞ்சம்தான்.
இரத்தம் உறையும் பயம்
மாத்திரையைவிட ஒட்டில் குறைவு என்றார்.
அக்காவைப் பற்றி இருமுறை கேட்டார்.

அவள் எதையும் எண்ணவில்லை.
சிவப்பில் ஹால்ஷ்கா எந்தப் புள்ளி என்று
தேடிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஞாயிறும் புதனும்
அடிவயிற்றில் ஒரு புது ஒட்டு,
பயணச்சீட்டில் பாதி.
குளிக்கையில் மார்பைத் தடவிப் பார்க்கிறாள்
பணிமனையில் பிரேக்கைச் சோதிப்பதுபோல,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நேற்று அலாரம் அடிக்கும்வரை தூங்கிவிட்டாள்.
ஓடிப்போய் டிராமில் ஏறி
பழக்கத்தில் ஜன்னலைத் திறந்தாள்.

அவளுக்கும் குளிர்ந்தது.